வளரும் மரமும் வளராத பாறையும்

(தொட்டி மரம் வளர்ப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாறையைக் கவ்வி நிற்கும் போன்சாய் மரத்துக்கு மண் மாற்றுவதையும் கவாத்து செய்வதையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். செய்முறையை விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கருத்தைச் சொல்லிவிட வேண்டும். மரம் வளரும், பாறை வளராது. வேர் ஆண்டுதோறும் பருக்கும், கிளை நீளும், இலை பெருகும். கல் மட்டும் வைத்த அளவிலேயே இருக்கும். கவனிக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் வேர் கல்லை முழுவதும் மூடிவிடும். அல்லது அடியில் வேர் நெருக்கிக்கொண்டு மரம் நலியும். இந்த இரண்டும் நேராமல் பார்த்துக்கொள்வதுதான் வளர்ப்பவரின் வேலை. மண் மாற்றுவதும் கவாத்தும் அந்த ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

கல்லையும் செடியையும் ஒரே தட்டில் வைத்து ரசிக்கும் வழக்கம் மிகப் பழையது. சீனாவின் ஷான்ஷி மாநிலத்தில், தாங் அரச குலத்து இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியங்கள் 706ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு பணியாள், சிறு கற்களும் செடிகளும் வைத்த தட்டை ஏந்தி நிற்கிறார். ஜப்பானில் 1309இல் உருவான கசுகா கோங்கென் சுருளோவியத்திலும் தட்டில் வளர்த்த சிறு மரங்களைக் காணலாம். கடலும் மலையும் நெருங்கி நிற்கும் அந்த நாட்டில், செங்குத்துப் பாறையில் வேரூன்றிய மரம் அன்றாடக் காட்சி. அதையே தட்டில் கொண்டுவந்தார்கள்.

1923இல் பெரும் நிலநடுக்கம் டோக்கியோவை அழித்தபோது, அங்கே போன்சாய் வளர்த்துவந்த தோட்டக்காரர்கள் நல்ல நீரும் மண்ணும் தேடி வடக்கே ஒமியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1925இல் அங்கே போன்சாய் கிராமம் உருவானது. இன்றும் தோட்டங்கள் அங்கே நடக்கின்றன. 2010 முதல் போன்சாய்க்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. 1934இல் தொடங்கிய கொகுஃபு போன்சாய் கண்காட்சி டோக்கியோவின் உவேனோவில் குளிர்காலத்தில் நடக்கிறது. இலையுதிர் மரங்கள் அங்கே ஓர் இலையும் இல்லாமல் நிற்கும். கிளையின் ஒவ்வொரு வளைவும், வேர் கல்லில் இறங்கும் ஒவ்வொரு தடமும் கண்ணுக்குத் தெரியும். பல ஆண்டுக் கவாத்து சரியாக நடந்ததா என்பதை அந்த மொட்டைக் கிளைகளில் படித்துவிடலாம்.

பாறை மரத்தில் இரண்டு வகை உண்டு. பாறையின் பிளவிலேயே மண் அப்பி, அந்த மண்ணை மட்டும் நம்பி மரம் வாழ்வது ஒரு வகை. அதை இஷித்சுகி என்பார்கள். வேர்கள் பாறையைத் தழுவி இறங்கி, கீழே உள்ள தொட்டி மண்ணில் புகுவது இன்னொரு வகை, அது செகிஜோஜு. இன்று நான் பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி. அதற்கு ஜப்பானியர் அதிகம் விரும்பும் மரம் டிரைடன்ட் மேப்பிள். மூன்று மடலாகப் பிரிந்த சிறிய இலை. சீனாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்த மரம். இதன் வேர் விரைவாகப் பருக்கும். இரண்டு வேர்கள் உரசி நின்றால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உடலாகிவிடும். கல்லின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி வளையும். பாறை மரத்துக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் இதற்கு உண்டு. வேர் விரைந்து பருப்பதே பின்னாளில் ஆபத்தாகவும் முடியும்.

இத்தகைய மரம் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட வேர் விட்ட இளங்கன்றை எடுத்து, கரடுமுரடான கல்லின் மேல் உட்கார வைக்கிறார்கள். ஜப்பானில் கிஃபு பகுதியின் இபி ஆற்றுக் கல்லுக்கு நல்ல பெயர் உண்டு; அதன் மேடு பள்ளங்களில் வேர் நன்றாகப் பதியும். வேர்களைக் கல்லின் பிளவுகளில் படியவைத்து, நாராலோ நாடாவாலோ இறுகச் சுற்றி, கல்லோடு சேர்த்து மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் தொடுவதில்லை. பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்குகிறார்கள். வெளிச்சமும் காற்றும் பட்டதும் வேரின் தோல் முதிர்ந்து பட்டை கட்டுகிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. வெளியே வந்து பட்டை கட்டிய வேர் இனி நீரை உறிஞ்சாது. அது கடத்துகிறது, தாங்குகிறது, மாவுச்சத்தைச் சேமிக்கிறது, அவ்வளவே. மண்ணுக்குள் இருக்கும் சல்லிவேரின் நுனியும் அதிலுள்ள மயிரிழை போன்ற வேர்த்தூவிகளும்தான் நீரையும் சத்தையும் எடுக்கின்றன. நாம் வியந்து பார்க்கும் வேர்கள் உண்பதில்லை. உண்ணும் வேர்களை நாம் பார்ப்பதில்லை. அவற்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பது மண் மாற்றும் அந்த ஒரு நாளில் மட்டும்தான்.

மண்ணை ஏன் மாற்ற வேண்டும்? எந்தத் தொட்டியிலும் நீர் ஊற்றி வடிந்த பிறகு, அடியில் ஓர் அடுக்கு நீர் வடியாமல் தங்கும். உயரமான தொட்டியில் அதற்கு மேலே காற்றோட்டமான மண் நிறைய இருக்கும். பாறை மரம் நிற்பதோ ஆழமில்லாத தட்டு. அங்கே அந்த ஈர அடுக்கே மண்ணின் பெரும்பகுதியாகிவிடும். மண் துகள் பெரிதாக இருந்தால் அடுக்கு மெலிதாக இருக்கும். துகள் நொறுங்கிப் பொடியானால் அடுக்கு மேலேறும். வேர் நீரில் மூழ்கி மூச்சுத் திணறும். ஜப்பானியர் பயன்படுத்தும் அகதாமா என்பது காந்தோ சமவெளியில் தோண்டி எடுக்கும் எரிமலைக் களிமண் உருண்டை. ஈரத்தையும் காற்றையும் ஒருசேரப் பிடித்துவைக்கும் அருமையான மண் அது. ஆனால் உறைபனியிலும் வேரின் நெருக்கத்திலும் சில ஆண்டுகளில் நொறுங்கிவிடும். அதனால்தான் இளமரத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் முதிர்ந்த மரத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மண் மாற்றுகிறார்கள். நாட்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். ஊற்றிய நீர் உடனே இறங்காமல் மேலே குளம் கட்டுகிறதா, மரம் தட்டிலிருந்து மேலெழும்பி நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தெரிந்தாலும் வேளை வந்துவிட்டது.

காலம் எது? குளிர்நாட்டு மேப்பிளுக்கு, மொட்டு வீங்கி நிறம் காட்டத் தொடங்கி, இலை விரியுமுன் உள்ள சில நாட்கள். ஜப்பானின் சமவெளிகளில் அது பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சும். குளிர்காலம் முழுக்கச் சேமித்த மாவுச்சத்து அப்போது சர்க்கரையாகி மேலேறத் தயாராக இருக்கும். வெட்டுப்பட்ட வேரை மீண்டும் முளைக்கவைக்கும் வலு மரத்துக்கு அப்போதுதான் அதிகம். இலை விரிந்த பிறகு வேரை வெட்டினால், இலைகள் நீர் கேட்கும். கொடுக்க வேர் இருக்காது.

இனி வேலைக்கு வருவோம். முந்தைய நாள் நீரைக் குறையுங்கள். மண் சற்றுக் காய்ந்திருந்தால் கட்டி எளிதில் கழன்று வரும். தட்டின் அடியில் மரத்தைக் கட்டியிருக்கும் கம்பிகளை அறுத்துவிடுங்கள். சிறு அரிவாளால் தட்டின் உட்சுவரை ஒட்டிச் சுற்றி அறுங்கள். தூக்கும்போது ஒரு கை தண்டின் தூரிலும் இன்னொரு கை பாறையிலும் இருக்கட்டும். தண்டை மட்டும் பிடித்து இழுத்தால் பாறையின் எடை முழுவதும் வேரின் பிடியில் தொங்கும். பல ஆண்டுகளாக ஒட்டிய வேர் கல்லைவிட்டு ஒருமுறை விலகினால், அந்த இடுக்கு பிறகு மூடுவது அரிது.

மரத்தைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். உடனே கத்தரியை எடுக்காதீர்கள். வெளுப்பான, உயிருள்ள சல்லிவேர்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன? கறுத்து, தொட்டால் தோல் உரிந்துவரும் வேர்கள் எங்கே? பாறையின் எந்தப் பக்கத்து வேர் வலுத்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது? இவற்றைக் கண்ட பிறகுதான் எதை எவ்வளவு வெட்டுவது என்று முடிவாகும்.

வேர்க்கொக்கியால் வெளியிலிருந்து உள்ளே, மெல்ல மெல்லக் கோதிவிடுங்கள். கல்லை நெருங்கியதும் கொக்கியை வைத்துவிட்டு மூங்கில் குச்சியை எடுங்கள். இரும்பு முனை பட்டையைக் கீறிவிடும். பாறைக்கு நேர் அடியில் உள்ள மண்ணை மறக்கக்கூடாது. கல்லின் எடையால் இறுகி, பழைய மண்ணும் செத்த வேரும் சேர்ந்து களியாகக் கிடப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். மற்ற இடத்தில் எவ்வளவு புதிய மண் போட்டாலும் அடியில் அந்தக் களி இருந்தால் அழுகல் அங்கிருந்து தொடங்கும். முதிர்ந்த அல்லது நலிந்த மரமானால் எல்லா மண்ணையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். இந்த முறை ஒரு பாதி, அடுத்த முறை மறுபாதி.

வெட்டுவதில் ஒரு முறை உண்டு. கீழ்நோக்கிப் போகும் பருத்த வேரைக் குட்டையாக வெட்டுங்கள். பக்கவாட்டில் பரவும் மெல்லிய வேரைக் காப்பாற்றுங்கள். தட்டைச் சுற்றி வளையமிட்ட வேரை நறுக்குங்கள். வலுவான மேப்பிள் பாதி வேரை இழந்தாலும் மீளும். முதிய மரத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஜூனிபர் மரத்தில் இன்னும் கவனம் தேவை. அதில் ஒரு வேர், தண்டில் தனக்கு நேரான பட்டைத்தடத்தின் வழியே குறிப்பிட்ட கிளைக்குத்தான் நீர் அனுப்பும். அந்த வேரை அறுத்தால் அந்தக் கிளையையே அறுத்தது போல ஆகிவிடும்.

வேர் பாறையைவிட்டு மண்ணுக்குள் நுழையும் எல்லைக்கோட்டைப் பாருங்கள். அங்கிருந்து வேர்கள் வெளிநோக்கிக் கிளைத்தால், மரம் மலையடிவாரத்தில் காலூன்றி நிற்கும் தோற்றம் வரும். அந்தக் கோட்டுக்கு மேலே, வெளியில் தெரியும் வேரிலிருந்து புதுச் சல்லிவேர் முளைத்திருந்தால் நீக்கிவிடுங்கள். பாறையில் ஓடும் வேர்களில் ஒன்றின் குறுக்கே இன்னொன்று போனால், சிறியதாக இருக்கும்போதே ஒன்றை எடுத்துவிடுங்கள். பருத்த பிறகு எடுத்தால் வடு நிற்கும்.

புதிய மண், 3 முதல் 6 மில்லிமீட்டர் துகளாகச் சலித்து, பொடி நீக்கியதாக இருக்கட்டும். வடிகால் துளைகளில் வலை. துளைகளின் வழியே கட்டுக்கம்பி. தட்டில் மண்ணைக் குவித்து, அதன் மேல் பாறையை வைத்து, இடமும் வலமுமாகச் சிறிது திருகியபடியே அழுத்துங்கள். பாறையின் அடியில் வெற்றிடம் இருந்தால் அங்கே இறங்கும் வேர் காய்ந்துவிடும். கம்பியைக் கல்லின் மேல் கட்டுங்கள். வேரின் மேல் கட்டியே தீரவேண்டுமானால் நடுவே ரப்பர் துண்டு வையுங்கள். மரம் தட்டில் துளியும் ஆடக்கூடாது. புது வேர் நுனிகள் மிக மென்மையானவை. காற்றில் மரம் அசைந்தால் அவை முளைக்க முளைக்க முறியும். மூங்கில் குச்சியால் மண்ணை இடுக்குகளில் இறக்கி, அடியில் வடியும் நீர் தெளியும் வரை பூவாளியால் ஊற்றுங்கள். பிறகு பலத்த காற்றும் உறைபனியும் படாத இடம். டிரைடன்ட் மேப்பிளின் வேரில் நீர்ச்சத்து மிகுதி. உறைந்தால் அது வெடித்து அழுகும். உரம் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, இலை முற்றிய பிறகு போதும்.

இனிக் கவாத்து. வேரைக் குறைத்தால் அதே அளவு கிளையையும் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இதை நான் வலியுறுத்தி மறுக்கிறேன். புது வேர் முளைக்கத் தூண்டும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் துளிர்களின் நுனியில்தான் உருவாகிக் கீழே இறங்குகிறது. வேருக்கு வேண்டிய சர்க்கரையைச் சமைப்பது இலை. மண் மாற்றிய ஆண்டில் துளிர்களை எல்லாம் கிள்ளிவிட்டால் வேருக்குப் போகும் கட்டளையையும் உணவையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறோம். அந்த வசந்தத்தில் துளிர் கொஞ்சம் ஓடட்டும். வேர் பிடித்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். முழு இலையுரிப்பும் மண் மாற்றமும் ஒரே ஆண்டில் கூடவே கூடாது.

மற்ற ஆண்டுகளில் முறை வேறு. மேப்பிளின் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே வரும். வசந்தத்தில் முதல் சோடி இலை விரிந்ததும் நடுக்கொழுந்தைக் கிள்ளினால் கணுவிடை குறுகி, கிளை நெருக்கமாகப் பிரியும். விட்டுவிட்டால் நீண்ட வெற்றுக் கிளையாக ஓடும். கோடையின் தொடக்கத்தில், நல்ல வலுவுள்ள மரத்தில் மட்டும், இலைகளைக் காம்பு நிற்கும்படி வெட்டிவிடுவதுண்டு. அடுத்து வரும் இலை சிறியதாக இருக்கும். உள்கிளைகளுக்கு வெயில் போகும். மரத்தின் உச்சி இயல்பாகவே வலுவானது, கீழ்க்கிளைகள் மெலிந்தவை. ஆகவே உச்சியில் கடுமையாகவும் கீழே இரக்கத்தோடும் வெட்ட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு வெட்டினால் சில ஆண்டுகளில் கீழ்க்கிளை செத்து, மரம் குடை பிடித்த கம்பமாகிவிடும்.

பெருங்கிளையை எடுப்பதானால் இலையுதிர்ந்த உடனே எடுங்கள். குளிர்காலக் கடைசியில் வெட்டினால் மேப்பிளின் வெட்டுவாயில் சாறு ஒழுகும். உட்குழிவாக வெட்டும் கத்தரியால் வெட்டி, காயத்துக்குப் பசை பூசினால் சுற்றுப்பட்டை உருண்டு வந்து, புடைப்பு இல்லாமல் மூடும்.

பாறை மரத்தின் கவாத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாறைதான் அளவுகோல். இலைக்கூட்டம் சிறியதாக இருக்கும்வரை அந்தக் கல் மலையாகத் தெரியும். பெருத்துவிட்டால் அதே கல் கூழாங்கல்லாகிவிடும். இலைப்பரப்பு கூடினால் கீழே வேரும் பருக்கும். ஆகவே உச்சியில் வைக்கும் ஒவ்வொரு வெட்டும், பாறைமேல் ஓடும் வேரின் பருமனையும் அடக்குகிறது. பாறை மூழ்காமல் இருக்க வேண்டுமானால் வேரில் கைவைப்பதற்கு முன் இலையில் கைவைக்க வேண்டும்.

நம் ஊருக்கு மேப்பிள் ஒத்துவராது. அதற்குக் குளிர் வேண்டும். நமக்கு இச்சி இருக்கிறது. கோயில் மதிலைப் பிளந்தும், செஞ்சி மலைப் பாறையைக் கவ்வியும் அத்தி இனத்து மரங்கள் வேரிறக்குவதை நாம் பார்த்தே வளர்ந்தோம். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தியை அமர்த்தி வணங்கும் மக்கள் நாம். இச்சியின் வேரும் ஒன்றோடொன்று ஒட்டும், பாறையைத் தழுவும். ஆனால் காலக்கணக்கு மாறும். இச்சி உறங்கும் மரமல்ல. வெப்பமும் ஈரமும் சேர்ந்து துளிர் வேகமாக வரும் காலத்தில், அக்கினி வெயிலைத் தவிர்த்து மண் மாற்ற வேண்டும். வெட்டினால் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அகதாமா தேடி அலைய வேண்டாம். சலித்த செங்கல் ஜல்லியும், பரும ஆற்றுமணலும், நன்கு மக்கிய இலையுரமும் சேர்ந்தால் போதும். கொள்கை ஒன்றுதான்: துகள் நொறுங்கக்கூடாது, நீர் தேங்கக்கூடாது.

மரத்தை இப்படி வெட்டுவது கொடுமையல்லவா என்று நல்ல உள்ளம் படைத்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மரத்தைக் காட்டுகிறேன். வாஷிங்டனில், அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவின் போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்பைன் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்படும் மரம் அது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்து பிழைத்தது. 1976இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்குக் கொடையாகத் தந்தார். நானூறு ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக அதன் வேரை வெட்டியிருக்கிறார்கள், கிளையை வெட்டியிருக்கிறார்கள். அது உயிரோடு இருக்கிறது. வெட்டு மரத்தைக் கொல்வதில்லை. காலம் அறியாத வெட்டும், வெட்டாமல் நெரியவிடுவதும்தான் கொல்கின்றன.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நல்ல பாறை மரம் வளர்ப்பவரைவிட நீண்டகாலம் வாழும். உங்களுக்குப் பிறகு அதை வாங்கிக்கொள்பவர் கிளையையும் கல்லையும் பார்க்கலாம். பாறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே மண் மாற்றும் ஒவ்வொரு முறையும் மரத்தைத் திரும்பத் தட்டில் வைக்குமுன் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். என்று மாற்றினீர்கள், எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டினீர்கள், எந்த மண்ணை விட்டுவைத்தீர்கள், எந்த வேர் மெலிந்திருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, மரத்தைக் கொடுக்கும் நாளில் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த வேர்களைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள்தான். நீங்கள் எழுதி வைத்தால், அடுத்தவர் எந்த வேரைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தே கத்தரியை எடுப்பார்.